அம்மா இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை

ஜெலுத்தோங் வட்டாரத்தில் அந்த வரிசை வீட்டில், நடுப்பகல் நேரத்தில் பசியோடு இருந்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள்தான். இறந்துபோனவள் மட்டும் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் லிம் கியோக் சூ. இறந்து நாற்பத்தொன்பதாவது நாள் படையல். சாமி அலமாரிக்கு முன்னால் போட்ட மேசையில் தலையும் காலும் சேர்ந்த முழுக்கோழி, பன்றி வறுவல், தோஃபு, ஆறிக்கொண்டிருக்கும் சோறு, தேநீர் எல்லாம் இருந்தன. மேலே சட்டம் போட்ட படத்தில் மூக்குக்கண்ணாடியோடு அவள் இவற்றையெல்லாம் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய ஒரே மகன் பூன் கியாட் மேசைக்கு முன்னால் மண்டியிட்டு, இரண்டு காசுகளை உள்ளங்கைகளுக்குள் குலுக்கிக்கொண்டிருந்தான். ஐம்பது சென் காசுகள். இரண்டிலும் ஒரு பக்கத்தில் அம்மாவே ஒரு காலத்தில் சிவப்பு நகப்பூச்சைத் தடவி வைத்திருந்தாள். பூசாத பக்கம் வெள்ளை. ஒன்று சிவப்பும் ஒன்று வெள்ளையுமாக விழுந்தால் 'ஆமாம்'. இரண்டும் வெள்ளை என்றால் 'இல்லை'. இரண்டும் சிவப்பு என்றால் இறந்தவர் சிரிக்கிறார் என்று அர்த்தம். அதுவும் 'இல்லை'தான், ஆனால் கோபமில்லாத 'இல்லை'. 'ஆமாம்' விழுகிறவரை மேசையில் இருக்கிற எதையும் யாரும் தொடக்கூடாது.

"அம்மா, சாப்பிட்டாச்சா?"

வெள்ளை, வெள்ளை.

"இன்னும் இல்லையாம்" என்றான் கியாட், பின்னால் திரும்பாமல்.

"மெதுவா சாப்பிடட்டும் லா, யாரு வெரட்டறா" என்றாள் பெரியத்தை. அவள் கியாட்டின் அப்பாவுக்கு அக்கா. முழங்கால் மடங்காது. ஆனால் வாய்க்கு அப்படி ஒரு குறையும் இல்லை. மரநாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தளபதியைப் போல மேசையைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தின் கோடியில், வாசற்கதவை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் ஸ்வீ ஹூன் உட்கார்ந்திருந்தாள். நான்கு வருடமாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறாள். அவளுக்கு இன்னும் முக்காலிதான். அவள் கியாட்டைப் பார்க்கவில்லை. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகு இன்றைக்கு ஒரு வேலையை ஒப்புக்கொண்டிருந்தது.

அம்மாவோ அப்பாவோ இறந்தால் நூறு நாளுக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். தவறினால் மூன்று வருடம் கழித்துத்தான். இது அவர்கள் வழக்கம். மூன்று வருடம் காத்திருக்க முடியாது என்று ஹூன் சொல்லிவிட்டாள். கடல் தாண்டி, குச்சிங்கில் அவளுடைய அண்ணன் புதிதாக மூக்குக்கண்ணாடிக்கடை திறக்கிறான். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். "நீ உங்க சொந்தக்காரங்க முன்னாடி என்னக் கட்டிக்கறேன்னு வாயத் தொறந்து சொல்லு, நான் இங்கயே இருக்கேன். சொல்ல முடியாட்டி அதையும் சொல்லு, நான் கெளம்பறேன்." அவள் கேட்டது அவ்வளவுதான். சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிடுகிறேன் என்று கியாட் காலையில் வாக்குக் கொடுத்தான். வாசலைத் தாண்டிய முதல் காரின் எண் இரட்டைப்படையில் முடிந்திருந்தது. அதனால் வந்த தைரியம்.

கியாட் அப்படித்தான் வளர்ந்தான். அவன் அறிவியல் பிரிவில் படித்தது காசு சொன்னதால். அவனுடைய மோட்டார் சைக்கிள் நீல நிறமாக இருப்பது காசு சொன்னதால். காசு கையில் இல்லாத இடங்களில் கார் எண், விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் காக்கைகள், அடுத்து வரும் பேருந்து என்று உலகம் முழுக்க அவனுக்குப் பதில் எழுதிவைத்திருந்தது. பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதிக்கிற வேலை. பச்சை விளக்கு எரிந்தால் நல்லது, சிவப்பு எரிந்தால் கெட்டது. அவனைவிடத் திருப்தியாக வேலை பார்க்கிறவர் அந்தத் தொழிற்சாலையிலேயே கிடையாது.

ஹூனை அவன் சந்தித்ததே கண் பரிசோதனைக்குப் போன இடத்தில்தான். அவள் ஒரு கண்ணாடிவில்லையைப் போட்டு, அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "எது தெளிவா தெரியுது? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டாள்.

"எது சரி?" என்று கேட்டான் கியாட்.

"சரி தப்புன்னு ஒண்ணும் இல்ல. இது பரீட்சை இல்லீங்க. தெரியறதச் சொல்லுங்க."

"மத்தவங்க வழக்கமா எதச் சொல்லுவாங்க?"

அவள் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அவனுக்கு எந்த வில்லை என்பதை அவளே முடிவு செய்தாள். அதை இன்றுவரை அவன் போட்டுக்கொண்டிருக்கிறான். உலகம் நன்றாகவே தெரிகிறது.

அவளைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது, அம்மா முதலில் கேட்டது பிறந்த வருடத்தை. சீனச் சோதிடப்படி கியாட் குரங்கு வருடம். ஹூன் அவனைவிட ஆறு வயது மூத்தவள், புலி வருடம். புலிக்கும் குரங்குக்கும் ஆகாது. அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே, "இரு, கேட்டுச் சொல்றேன்" என்றாள். பிறகு ஒருநாள் காலைச் சந்தையில், மீன்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தாள். கேட்டாளா, கேட்கவேயில்லையா, கேட்டு வந்த பதில் பிடிக்காமல் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாளா என்று யாருக்கும் தெரியாது.

"அம்மா, சாப்பிட்டாச்சா?"

வெள்ளை, வெள்ளை.

"ஏதோ கொறையிருக்கு" என்றாள் பெரியத்தை. "கேளு. சோயா சாஸ் வைக்கலையே, அதானான்னு கேளு."

சோயா வைத்தார்கள். வெள்ளை, வெள்ளை.

"தேத்தண்ணி ஆறிப்போச்சா?"

சூடாக ஊற்றினார்கள். சிவப்பு, சிவப்பு.

"சிரிக்கிறா" என்றார் சின்ன மாமா. அம்மாவின் தம்பி. நாலு நம்பர் லாட்டரியைத் தவிர உலகத்தில் வேறு எதன் மேலும் நம்பிக்கை இல்லாதவர். "அக்கா, நீ மெதுவாவே சாப்பிடு. ஆனா நாலு நம்பர் மட்டும் காதுல சொல்லிட்டு சாப்பிடு."

"உன்னப் பாத்துத்தான் அவளுக்கு எறங்கல" என்றாள் பெரியத்தை. பிறகு அவள் கண் மேசையின் ஓரத்திலிருந்த ஒரு கிண்ணத்தில் நின்றது. செங்குவாங் கிழங்கை இழை இழையாகச் சீவி, காய்ந்த கணவாயோடு வதக்கியது. அம்மாவுக்கு உயிர். ஹூன் விடியற்காலையில் எழுந்து கையாலேயே சீவிச் செய்து, தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்தது. "இது யாரு செஞ்சது? உப்பு போட்டாங்களா இல்லையா? கேளு."

கியாட் கேட்டான். முதுகுக்குப் பின்னால் ஹூன் மூச்சுவிடுவதை நிறுத்தியது அவனுக்குக் கேட்டது. வெள்ளை, வெள்ளை. உப்பு காரணமில்லை. ஹூன் மூச்சுவிட்டாள்.

"கண்ணாடி!" என்றார் மாமா திடீரென்று. "கண்ணாடி இல்லாம அக்காவுக்கு மீன் எது முள் எதுன்னே தெரியாதே. சவப்பொட்டியில வெச்சு அனுப்பினீங்களா?"

யாரும் அனுப்பவில்லை. இருந்த பரபரப்பில் எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள். ஹூன் எழுந்து, எதையும் தேடாமல், தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். அவளே அளவெடுத்துச் செய்துகொடுத்த கண்ணாடி. சட்டை நுனியில் துடைத்து, காதுக்கம்பிகளை விரித்து, சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் படத்தைப் பார்த்தாற்போல வைத்தாள்.

"இப்ப தெரியுதா அத்தை?" என்று மெல்லக் கேட்டாள்.

கியாட் காசைப் போட்டான். சிவப்பு, சிவப்பு.

"அழகா சிரிக்கிறா" என்றார் மாமா.

அந்த இடத்திலேயே விட்டிருக்கலாம். ஊதுபத்தி பாதிக்கு மேல் எரிந்திருந்தது. கோழியின் மேல் ஒரு ஈ நடந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் பசி. ஆனால் பெரியத்தை நாற்காலியில் நிமிர்ந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், நேராகப் படத்தைப் பார்த்துப் பேசினாள்.

"ஏய் கியோக் சூ. மனசுல இருக்கறதச் சொல்லு. ஒம் மகன் இந்தப் பொண்ணக் கட்டிக்கறது ஒனக்குப் பிடிக்கல. அதானே சாப்பாடு எறங்கல?"

கேள்வி முடிந்ததும் காசு போடுவது கியாட்டின் கைக்குப் பழக்கம். பன்றிக் கொழுப்பா, தேநீர்ச் சூடா, இல்லை தன் வாழ்க்கையா என்று அந்தக் கை பிரித்துப் பார்ப்பதில்லை. போட்டது.

ஒன்று சிவப்பு. ஒன்று வெள்ளை.

"பாத்தியா" என்றாள் பெரியத்தை. அவள் குரலில் வெற்றி இருந்ததாகச் சொல்ல முடியாது. பயம்தான் இருந்தது. "நான் சொல்லலடா, அவளே சொல்லிட்டா. புலியும் கொரங்கும்."

"சாப்பிட உக்காந்த எடத்துல மிருகக்காட்சிசாலைக் கதை எதுக்கு லா?" என்றார் மாமா.

"கல்யாணப் பேச்சுக்கு ஒரு தடவ போட்டாப் போதாது" என்றாள் ஹூன். முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். "சோத்துக்குத்தான் ஒண்ணு. பெரிய விஷயத்துக்கு மூணு வரிசையா விழணும். உங்க வழக்கம்தானே பெரியத்தை, நீங்களே சொல்லுங்க."

பெரியத்தை காசைக் கையால் காட்டினாள். "மூணுதான். போடு."

இரண்டாவது: ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை.

கியாட்டின் உள்ளங்கை வியர்த்துப்போயிருந்தது. மூன்றாவது முறை குலுக்கும்போதே ஒரு காசு வழுக்கிவிட்டது. ஒன்று அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் சிவப்பு மேலாகப் படுத்தது. மற்றது தரையோட்டில் ஓடி, வட்டமடித்து, மேசைக்காலைச் சுற்றி, சாமி அலமாரியின் அடியில் போய் மறைந்தது. சுவரில் மோதிய சத்தம் மட்டும் கேட்டது.

அது வெள்ளை என்றால் மூன்று 'ஆமாம்' வரிசையாக விழுந்தாயிற்று. சிவப்பு என்றால் அம்மா சிரிக்கிறாள், ஒன்றும் இல்லை.

"எடுக்காத! அப்படியே பாத்துச் சொல்லு!" என்றாள் பெரியத்தை.

அந்த அலமாரி தேக்கு. நாலு பேர் சேர்ந்தாலும் நகராது. அடியில் ஒரு சாண் இடைவெளி. கியாட் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இன்னோர் உடம்பு படுத்தது. "நான் வெளிச்சம் காட்டறேன்" என்றாள் ஹூன். கைபேசி விளக்கை உள்ளே பிடித்தாள்.

எரிந்த தீக்குச்சிகள், தூசி, அம்மாவின் கொண்டை ஊசி ஒன்று. அதற்கு அப்பால், சுவரோடு சாய்ந்து, காசு நின்றுகொண்டிருந்தது. படுக்கவில்லை. கம்பத்தில் சாய்ந்து பேருந்துக்குக் காத்திருக்கும் ஆளைப் போல நின்றுகொண்டிருந்தது. அதன் சிவப்புப் பக்கம் அவர்களைப் பார்த்து இருந்தது.

"என்ன விழுந்திருக்கு?" என்று மேலேயிருந்து பெரியத்தையின் குரல் கேட்டது. அவளால் குனிய முடியாது. மாமாவின் தொப்பை அவரை அனுமதிக்காது. அந்தக் காசைப் பார்க்கக்கூடியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். இரண்டு பேரும் தரையில் கன்னத்தை வைத்து, ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும்படி படுத்திருந்தார்கள்.

"என்ன தெரியுது?" என்றாள் ஹூன். கிசுகிசுப்பாக.

"சாஞ்சு நிக்குது."

"கலரக் கேட்டேன்."

அவன் வாயைத் திறந்தான். சாய்ந்து நிற்கிற காசைக் கணக்கில் எடுக்கலாமா? அம்மா இருந்தால் என்ன சொல்வாள்? இப்படி நின்றால் என்ன அர்த்தம் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தந்ததில்லை.

"கியாட்." விளக்கின் வெளிச்சத்தில் அவள் முகத்தில் தூசி ஒட்டியிருந்தது. "பரீட்சை இல்ல. தெரியறதச் சொல்லு."

"என்னடா விழுந்துது?" என்றாள் பெரியத்தை.

கியாட் தரையிலிருந்து கன்னத்தை எடுத்தான்.

"காசு சாஞ்சு நிக்குது அத்தை" என்று உரக்கச் சொன்னான். "இது கணக்குல வராது. வேற காசு ஒண்ணு குடுங்க."

விளக்கு அணைந்தது.

அவன் தரையிலிருந்து எழுந்தபோது மாமா சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். பெரியத்தை தன் கைப்பையிலிருந்து இருபது சென் காசை எடுத்தாள். சிவப்புப் பூசிய பக்கத்துக்குப் பதிலாகப் பூப்போட்ட பக்கம் என்று பேச்சுவார்த்தை நடந்தது. அம்மாவிடம் அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்கள். எல்லாம் முறைப்படி முடிந்து, கியாட் மறுபடி மண்டியிட்டு, குலுக்கிப் போட்டான்.

சிவப்பு. பூ.

"சிரிக்கிறா!" என்றார் மாமா. "ரெண்டும் ஒரே பக்கம்! மூணு விழல! அக்காவுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா வம்பு பண்ணியிருக்கா!"

"சரி, அவ இஷ்டம்" என்றாள் பெரியத்தை. அவளும் மூச்சை வெளியே விட்டாள். "நான் ஒண்ணும் வேணாங்கலயே."

கியாட் திரும்பினான். முக்காலி காலியாக இருந்தது.

வெறுங்காலோடு ஓடினான். ஹூன் வாசல் கதவுக்கு வெளியே மோட்டாரில் உட்கார்ந்து தலைக்கவசத்தின் பட்டியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹூன்! சிரிச்சிட்டாங்க! ரெண்டும் ஒரே பக்கம்! அம்மாவுக்கு ஆட்சேபணை இல்ல! பெரியத்தையே சரின்னுட்டாங்க!"

"அப்படியா" என்றாள் அவள். "சந்தோஷம்."

"உள்ள வா. இப்பவே சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும்."

அவள் பட்டியை மாட்டி முடித்தாள். அழவில்லை. கண் பரிசோதனையில் வரிசை வரிசையாக எழுத்துகளை மாற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் விளக்கைப் போடுகிறவளைப் போல இருந்தாள்.

"உங்க வீட்டு ஐஸ்பெட்டி வாங்கறப்ப உங்கம்மா எத்தனை தடவ போட்டாங்க? நீதான் ஒருதரம் சொல்லிச் சிரிச்ச."

"ஏழு தடவ. மொத ஆறும் 'இல்ல'ன்னு வந்துது. சாமி தூங்கிட்டிருக்குன்னு சொன்னாங்க." சொல்லும்போது அவனுக்குப் பழக்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"அவங்களுக்கு அந்தப் பெட்டி வேணும் கியாட்" என்றாள் ஹூன். "அது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துது."

அவள் மோட்டாரைக் கிளப்பினாள். போகாதே என்று சொல்ல வேண்டும் என்பது கியாட்டுக்கு நன்றாகவே தெரிந்தது. வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. அப்போது தெருவில் ஒரு வெள்ளைக் கார் போனது. கண் தானாக அதன் எண்ணுக்குப் போனது. ஒற்றைப்படை. திரும்பிப் பார்த்தபோது ஹூன் தெருமுனையில் வளைந்துகொண்டிருந்தாள். திரும்புவதற்கான விளக்கை முறைப்படி போட்டிருந்தாள்.

உள்ளே வந்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஊதுபத்தி அடிவரை எரிந்துவிட்டிருந்தது.

"கேட்டுடு" என்றாள் பெரியத்தை மெதுவாக. "எல்லாருக்கும் பசி."

கியாட் மண்டியிட்டான்.

"அம்மா, சாப்பிட்டாச்சா?"

ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. முதல் தடவையிலேயே.

மேசையில் இருந்தவற்றைச் சமையலறைக்கு மாற்றினார்கள். கோழியை வெட்டினார்கள், சோற்றைச் சூடாக்கினார்கள். பெரியத்தை அவன் தட்டில் ஹூன் கொண்டுவந்த கணவாய் வதக்கலை இரண்டு கரண்டி வைத்தாள், தன் தட்டிலும் போட்டுக்கொண்டு ஒரு வாய் மென்று பார்த்தாள்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள். இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு, "கைப்பக்குவமுள்ள பொண்ணு" என்றாள்.

கியாட் தட்டிலிருந்ததை முழுக்கச் சாப்பிட்டான். தூக்குப்பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தான். குச்சிங்குக்கு எப்போது விமானம் என்று அவளிடம் கேட்கலாமா என்று யோசித்து, எதைப் பார்த்து முடிவு செய்வது என்று தெரியாமல், கூடத்துக்கு வந்தான். அம்மாவின் கண்ணாடி காலியான மேசையில் தனியாக இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அலமாரிக்கு முன்னால் குப்புறப் படுத்து, கைபேசி விளக்கைப் போட்டான்.

காசு இன்னும் அப்படியே சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"சிவப்பு" என்றான்.

"என்னடா?" என்றாள் பெரியத்தை, சமையலறையிலிருந்து.

"ஒண்ணுமில்லத்தை."

கன்னத்துக்குக் கீழே தரை குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்தில், தூசியில், இன்னொரு கன்னம் பதிந்த இடம் துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தது.